பந்தின் விலையும் சாட்சியத்தின் விலையும்

இந்தியக் கோல்ஃப் மன்றங்களில் ஐயத்துக்கு இடமின்றி வழங்கப்படும் தீர்ப்பு ஒன்று உண்டு: விலை உயர்ந்த பந்தே நல்ல பந்து. கொல்கத்தாவிலும் தில்லியிலும் பெங்களூருவிலும் பதினெட்டுக் குழிகளை ஆடி முடித்து நிழலில் வந்தமரும் உறுப்பினர்கள் இதை ஏறத்தாழ ஒரே சொற்களில் சொல்கிறார்கள். கைக்கே வேறுபாடு தெரிகிறதாம். கிரீனில் விழுந்த இடத்திலேயே நிற்கிறதாம். கொடுத்த காசு வீண்போகவில்லையாம். சொல்பவர்களில் பொறியாளர் உண்டு, மருத்துவர் உண்டு, பேராசிரியரும் உண்டு. ஒரே ஒரு நோயாளியின் வாக்குமூலத்தை நம்பி மருந்தை ஏற்க மறுக்கும் மருத்துவர், பந்து என்று வந்துவிட்டால் தம் ஒருவரின் உணர்வையே முழுமையான ஆதாரமாகக் கொள்கிறார். விவாதத்துக்கு உரியது இந்த முரண்தான்.

முதலில் பந்துக்குரிய நியாயத்தைச் செய்துவிட வேண்டும். உயர்விலைப் பந்து வெறும் பெயர்ப்பலகை அன்று. 2000 அக்டோபரில் லாஸ் வேகாஸ் போட்டியில் டைட்டிலிஸ்ட் நிறுவனம் புரோ வி1 பந்தை அறிமுகம் செய்தபோது, முதல் வாரத்திலேயே 47 தொழில்முறை ஆட்டக்காரர்கள் அதற்கு மாறினார்கள். அதற்குக் காரணம் இருந்தது. அதுவரை மென்மையான மேலுறை கொண்ட பந்து தூரத்தில் பின்தங்கியது. தூரம் போகும் பந்து கிரீனில் நிற்காமல் ஓடியது. திடமான ரப்பர் உட்கருவையும் மெல்லிய யூரித்தேன் மேலுறையையும் இணைத்த பந்து அந்த இரண்டையும் ஓரளவு ஒருங்கே தந்தது. வெட்ஜ் கோலின் முகத்திலுள்ள பள்ளங்கள் யூரித்தேனை நன்றாகப் பற்றுகின்றன. அதனால் பின்சுழற்சி கூடுகிறது. பந்து விழுந்து விரைவில் நிற்கிறது. மலிவான பந்துகளின் கடினமான அயனோமர் மேலுறையில் இந்தப் பற்று குறைவு. குறுந்தொலைவு அடிகளில் இவ்வேறுபாடு கருவிகளால் அளக்கத்தக்கது. இதை மறுப்பவர் இயற்பியலை மறுக்கிறார்.

ஆனால் உறுப்பினர்கள் அதிகம் பெருமை பேசுவது சுழற்சியைப் பற்றி அல்ல, தூரத்தைப் பற்றி. அங்கேதான் அவர்களின் சாட்சியம் முதலில் சரிகிறது. பந்தின் எடை 45.93 கிராமுக்கு மிகக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. தொடக்க வேகத்துக்கும் மொத்தத் தூரத்துக்கும் உச்சவரம்பு உண்டு. ஆர் அண்ட் ஏ, யுஎஸ்ஜிஏ ஆகிய இரு அமைப்புகளும் வகுத்துள்ள இவ்விதிகள் விலை பார்த்துச் சலுகை தருவதில்லை. விதிக்குட்பட்ட மலிவான பந்துக்கும் விதிக்குட்பட்ட விலையுயர்ந்த பந்துக்கும் கூரை ஒன்றே. புதிய பந்துக்கு மாறியதும் இருபது மீட்டர் கூடிவிட்டது என்பவர், பந்தைத் தவிர அன்று வேறு என்னென்ன மாறின என்று கேட்டுப் பார்ப்பதில்லை. காற்றின் திசை, தரையின் ஈரம், முந்தைய இரவின் உறக்கம் எல்லாம் கணக்கில் வராமலே போகின்றன.

சுழற்சிக்கு வருவோம். அது பந்துக்குள் அடைத்து விற்கப்படும் பொருள் அன்று. சுத்தமான அடியிலிருந்து பிறப்பது. ஹேண்டிகேப் 18 உள்ளவர் 72 அடிகளில் முடிக்க வேண்டிய சுற்றை ஏறத்தாழ 90 அடிகளில் முடிக்கிறார். அவருடைய பிழை பெரும்பாலும் பந்து நிற்காமல் ஓடியதால் நேர்வதில்லை. கோல் பந்தைத் தொடுவதற்கு முன் மண்ணைத் தொட்டதால் நேர்கிறது. கோலுக்கும் பந்துக்கும் இடையே புல் சிக்கிக்கொண்டால் எந்த மேலுறையும் எதிர்பார்த்தபடி சுழலாது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாள் என்பது பழமொழி. இங்கே நிகழ்வது அதற்கும் ஒரு படி மேலே: ஆட்டம் கோணலாக இருக்க, கூடத்துக்குப் புதிய தளம் போடப்படுகிறது.

புள்ளியியல் பயின்றவர்கள் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஆட்டக்காரரின் 7-அயர்ன் அடிகளின் தூரம் 10 மீட்டர் திட்டவிலக்கத்தோடு சிதறுவதாகக் கொள்வோம். சராசரி ஆட்டக்காரருக்கு இது மிகையன்று. இரு பந்துகளுக்கு இடையே உண்மையிலேயே 2 மீட்டர் வேறுபாடு இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். வழக்கமான 5 சதவீதப் பிழை வரம்பையும் 80 சதவீதச் சோதனைத் திறனையும் கொண்டால், அவ்வேறுபாட்டைக் கண்டறிய ஒவ்வொரு பந்திலும் ஏறத்தாழ 400 அடிகள் தேவை. அதாவது இரண்டுக்கும் சேர்த்து 800 அடிகள். அதுவும் ஒரே கோலில், ஒரே சூழலில். மன்றத்து உறுப்பினரோ சனிக்கிழமை ஒரு பந்தோடும் ஞாயிற்றுக்கிழமை மற்றொன்றோடும் ஆடிவிட்டுத் தீர்ப்பு எழுதுகிறார். அளக்கப்படும் வேறுபாட்டைவிட அளப்பவரின் சிதறல் ஐந்து மடங்கு பெரிதாக இருக்கையில், அந்தத் தீர்ப்பு பந்தைப் பற்றியதாக இருக்க இயலாது. அது விலையைப் பற்றியது.

விலை தானே ஒரு கருத்தை உண்டாக்கும் என்பதற்குக் கோல்ஃப் வரலாறே சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஸ்காட்லாந்தில் ஆடப்பட்டது தோலுக்குள் இறகுகளைத் திணித்துத் தைத்த பந்து. கைதேர்ந்த வினைஞரும் நாளொன்றுக்குச் சில பந்துகளே செய்ய முடிந்ததால் அதன் விலை எளியவருக்கு எட்டவில்லை. 1848 வாக்கில் மலாய்க் காடுகளின் மரப்பாலான கட்டாபெர்ச்சாவால் ஆன மலிவான பந்து வந்தது. அதைக் கடுமையாக எதிர்த்தவர் யார்? அக்காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் ஆலன் ராபர்ட்சன். இறகுப் பந்து செய்து விற்றவரும் அவரே. தம்மிடம் பணிபுரிந்த டாம் மோரிஸ் புதிய பந்தில் ஆடியதைக் கண்டு மனம் கசந்து இருவரும் பிரிந்தார்கள். நிபுணரின் கருத்துக்கும் நிபுணரின் கல்லாப்பெட்டிக்கும் இடையிலான தொலைவு அன்றும் குறைவாகவே இருந்தது.

அதைவிடச் சுவையானது அடுத்த கட்டம். வழவழப்பான புதிய கட்டாபெர்ச்சா பந்தைவிட, அடிபட்டுக் கீறல் விழுந்த பழைய பந்தே நிலையாகப் பறக்கிறது என்று ஆட்டக்காரர்கள் கண்டுகொண்டார்கள். பின்னர் பந்தின் மேற்பரப்பில் வேண்டுமென்றே வரிகள் வெட்டப்பட்டன. 1905இல் வில்லியம் டெய்லர் என்ற ஆங்கிலப் பொறியாளர் இன்றைய குழிவுகளுக்குக் காப்புரிமை கோரினார். இன்று பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் பந்தின் காற்றியக்கவியல், ஒருகாலத்தில் புதுப் பந்து வாங்க இயலாதவர் கையிலிருந்த தேய்ந்த பந்திலிருந்து தொடங்கியது. விலை உயர்ந்தது எதுவோ அதுவே சிறந்தது என்ற கொள்கை அன்று கோலோச்சியிருந்தால் இந்த அறிவு பிறந்திருக்காது.

அண்மைய எடுத்துக்காட்டும் உண்டு. 2016இன் இறுதியில் அமெரிக்காவின் காஸ்ட்கோ நிறுவனம் கிர்க்லாண்ட் என்ற தன் சொந்தப் பெயரில் யூரித்தேன் மேலுறைப் பந்துகளை இரண்டு டஜன் சுமார் 30 டாலருக்கு விற்றது. முன்னணிப் பந்துகள் இன்று டஜன் ஒன்றுக்கே சுமார் 55 டாலர். கிர்க்லாண்ட் பந்து விற்றுத் தீர்ந்ததும் மறுவிற்பனையில் அதன் விலை மளமளவென்று ஏறியது. டைட்டிலிஸ்டின் உரிமையாளரான அக்குஷ்நெட் நிறுவனம் காப்புரிமை மீறல் என்று எச்சரிக்க, காஸ்ட்கோ 2017இல் நீதிமன்றம் சென்றது. 2018இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. பெயரில்லாத பந்தின் தரம் பொருட்படுத்தத்தக்கதல்ல என்றால் அத்தனை பதற்றம் எதற்கு?

உயர்விலைப் பந்தின் ஆதரவாளர்கள் முன்வைக்கும் வாதங்கள் மூன்று.

முதலாவது, தொழில்முறை ஆட்டக்காரர்கள் அதையே ஆடுகிறார்கள் என்பது. ஆம், ஆடுகிறார்கள், அவர்களில் பலர் அதற்காக ஊதியமும் பெறுகிறார்கள். 2000ஆம் ஆண்டு யுஎஸ் ஓப்பனை 15 அடி வித்தியாசத்தில் டைகர் உட்ஸ் வென்றபோது அவர் ஆடிய பந்தின்மேல் நைக்கி என்று எழுதியிருந்தது. அதைத் தயாரித்தது பிரிட்ஜ்ஸ்டோன். பெயர் ஓரிடத்தில், பொருள் வேறிடத்தில். மேலும், உட்ஸின் கைக்குப் புலப்படும் வேறுபாடு ஹேண்டிகேப் 18இன் கைக்கும் புலப்படும் என்பதற்கு எந்த நியாயமும் இல்லை. வித்துவானின் வீணையை வாங்கியவருக்கு வித்துவானின் செவியும் சேர்த்துக் கொடுக்கப்படுவதில்லை.

இரண்டாவது, நம்பிக்கையே ஆட்டத்தை உயர்த்தும் என்பது. இதற்கு அடிக்கடி காட்டப்படும் ஆய்வு 2010இல் ஜெர்மனியில் நடந்தது. இது அதிர்ஷ்டப் பந்து என்று சொல்லிக் கொடுக்கப்பட்டவர்கள் பத்து முயற்சிகளில் சராசரியாக ஆறுக்கு மேல் குழியில் இட்டார்கள். அவ்வாறு சொல்லப்படாதவர்கள் ஐந்துக்கும் குறைவாகவே இட்டார்கள். முடிவு உலகெங்கும் பரவியது. 2014இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கூடுதல் எண்ணிக்கையிலான பங்கேற்பாளர்களோடு அதைத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. முதல் ஆய்வு எட்டிய செவிகளில் எத்தனை இரண்டாவதைக் கேட்டன? சரி, நம்பிக்கை உண்மையிலேயே உதவுகிறது என்றே கொண்டாலும் அது பந்தின் தரத்துக்குச் சான்றாகாது. பந்தைப் பற்றிய வதந்தியின் வலிமைக்கே சான்று.

மூன்றாவது வாதம் எளியது: என் காசு, என் பந்து. இது நேர்மையான வாதம். எவரும் தமக்குப் பிடித்ததைத் தம் பணத்தில் வாங்கலாம். ஒரு சுற்றில் நான்கு பந்துகளைக் குளத்துக்கும் புதருக்கும் தானம் செய்பவருக்கு டஜன் பந்து மூன்று சுற்றுகளில் தீரும் என்பதும் அவர் கவலையே. ஆனால் அவர் அந்த இடத்தோடு நிற்பதில்லை. பிடித்திருக்கிறது என்பதைச் சிறந்தது என்று மாற்றிச் சொல்கிறார். பயிற்சிக்கு வரும் சிறுவனிடம் இந்தப் பந்து இல்லாமல் முன்னேற முடியாது என்கிறார். சுங்கமும் வரியும் ஏறி வரும் இறக்குமதிப் பந்து நடுத்தரக் குடும்பம் ஒன்றின் மாதச் செலவில் என்ன இடம் பிடிக்கும் என்பது அவர் எண்ணத்துக்கு வருவதில்லை. அச்சொல்லை நம்பும் தந்தை, பயிற்சியாளருக்கும் பயிற்சி நேரத்துக்கும் போக வேண்டிய பணத்தைப் பந்துப் பெட்டியில் போடுகிறார். தனிப்பட்ட ரசனை பொது அறிவாக வேடமிடும்போது அதற்கான விலையைப் பிறர் கொடுக்கிறார்கள்.

இந்திய கோல்ஃப் வரலாறு அச்சொல்லுக்கு நேர் எதிரானது. 1991இல் இந்திய ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், பிறர் பையைச் சுமந்து ஆட்டம் கற்றவர். 1829இல் தொடங்கப்பட்ட ராயல் கல்கத்தா கோல்ஃப் மன்றத்தில் புல்தரை பராமரித்தவரின் மகன் எஸ். எஸ். பி. சௌராசியா, 2008இல் தில்லியில் இந்தியன் மாஸ்டர்ஸ் பட்டத்தையும் 2016, 2017 ஆண்டுகளில் இந்திய ஓப்பனையும் வென்றார். கிரீனைச் சுற்றிய குறுந்தொலைவு ஆட்டத்தில், அதாவது உயர்விலைப் பந்து உண்மையிலேயே பயன்படும் அந்த ஒரே பகுதியில், பெயர் பெற்றவர் அவர். அந்தக் கை பந்துப் பெட்டியிலிருந்து வந்ததன்று; ஆண்டுக்கணக்கான பழக்கத்திலிருந்து வந்தது.

பந்தைப் பற்றி உண்மையாகவே அறிந்த ஒருவர் ஒவ்வொரு மன்றத்திலும் இருக்கிறார். அவர் பை சுமக்கும் பணியாளர். பல கைகள் பல பந்துகளைப் பல பருவங்களில் அடிப்பதை நாள்தோறும் அருகிலிருந்து பார்ப்பவர் அவர் ஒருவரே. உறுப்பினரிடம் இருப்பது தம் ஒரு கையின் நினைவு. பணியாளரிடம் இருப்பது பல ஆண்டுகளின் ஒப்பீடு. ஆயினும் பந்தின் தரம் பற்றி அவரிடம் எவரும் கேட்பதில்லை. கேட்டாலும் அன்றைய கூலியைக் கொடுக்கப்போகிறவரின் கருத்துக்கு மாறாக அவர் வாய் திறக்க இயலாது. சார்பில்லாத அறிவு இருக்கும் இடத்தில் பேசும் உரிமை இல்லை. பேசும் உரிமை இருக்கும் இடத்தில் சார்பு மட்டுமே இருக்கிறது. கோல்ஃப் மைதானத்துக்கு வெளியேயும் காணக்கூடிய காட்சிதான் இது.

தீர்வு கடினமன்று. இரு வகைப் பந்துகளின் பெயரையும் கறுப்பு மையால் மறைக்கலாம். எது எது என்று அடிப்பவருக்கும் குறிப்பவருக்கும் தெரியாதபடி எண்ணிடலாம். வரிசையைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கலாம். பை சுமப்பவர்களுக்கு உரிய ஊதியம் கொடுத்து அடி அடியாகப் பதிவு செய்யச் சொல்லலாம். விளையாட்டு அறிவியலோ புள்ளியியலோ பயிலும் முதுகலை மாணவர் ஒருவர் ஒரு பருவத்தில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது. முடிவு உயர்விலைப் பந்துக்குச் சாதகமாக வந்தால் உறுப்பினர்கள் தலை நிமிர்ந்து சொல்லலாம். அதுவரை அவர்கள் சொல்லத்தக்க உண்மையான வாக்கியம் ஒன்றே ஒன்றுதான்: இந்தப் பந்து பிடித்திருக்கிறது. அதற்கு மேல் ஒரு சொல் சேர்த்தாலும் அது ஆய்வு அன்று, விளம்பரம். அதுவும் விளம்பரம் செய்பவரே காசு கொடுக்கும் விளம்பரம்.