எல்லாரும் ஒரே அடுப்பில் சமைத்த காலம் எது?

பண்டிகை நாளென்றால் காலையில் தொலைக்காட்சியில் பட்டிமன்றம் உண்டு. தலைப்பு எதுவானாலும் யாராவது ஒருவர் அந்த வசனத்துக்கு வந்துவிடுவார்: அந்தக் காலத்தில் எல்லாரும் கூட்டுக்குடும்பமாக இருந்தோம், தனிக்குடித்தனம் வந்தது, முதியோர் இல்லமும் வந்தது. உடனே கைதட்டல். பல வருடமாகக் கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல்தான் மிச்சம். இதில் ஒரு வாக்கியம்கூட நிற்காது.

முதலில் அந்த 'எல்லாரும்'. 1911, 1921 கணக்கெடுப்புகளில் இந்தியாவில் ஒரு வீட்டுக்குச் சராசரி சுமார் ஐந்து பேர்தான். அண்ணன் தம்பி மூவர், அவர்கள் மனைவிமார், பிள்ளைகள், தாத்தா, பாட்டி என்று எண்ணினால் ஐந்தில் அடங்குமா? குஜராத்தில் ஒரு கிராமத்துக்கு 1825இல் எடுத்த குடிக்கணக்கை ஆராய்ந்த சமூகவியலாளர் ஏ.எம்.ஷா, அப்போதே அங்கே சிறு குடும்பங்கள் நிறைய இருந்ததை 1973இல் வெளியான தன் நூலில் எடுத்துக்காட்டினார். காரணம் எளிது. சுதந்திரம் வந்த காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் முப்பத்திரண்டு வயதை ஒட்டித்தான் இருந்தது. பேரனுக்குக் கதை சொல்லப் பல வீடுகளில் தாத்தா உயிரோடு இல்லை. பங்கு பிரிக்க ஒரு குழி நிலம்கூட இல்லாத கூலிக்காரரின் ஒற்றை அறைக் குடிசையில் மூன்று தம்பதிகள் எங்கே படுப்பார்கள்?

பெரிய வீடுகள் இருந்தனவே என்று அடுத்த வாதம் வரும். கூடவே காரைக்குடிப் பக்கத்து வீடு ஒன்றைப் படத்தில் காட்டுவார்கள். சரி, அந்த வீட்டுக்குள்ளேயே போய்ப் பார்ப்போம். முகப்பைத் தாண்டினால் வளவு, வளவைச் சுற்றி வரிசையாக அறைகள், அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு. கல்யாணமான மகனுக்கு அறை ஒதுக்கி, கொஞ்ச காலத்தில் அவனையும் மருமகளையும் 'வேறு வைத்து'விடுவது அந்த வீடுகளின் சொந்தக்காரர்களான நகரத்தார் என்னும் வணிகச் சமூகத்தாரின் வழக்கம். வருஷத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பார்கள். அதற்குள் அவர்கள் குடித்தனம் நடத்திக்கொள்ள வேண்டும். அடுப்பு தனி, பாத்திரம் தனி, செலவுக் கணக்கு தனி. கணவனை இழந்த தாயும் தனக்குத் தானே சமைத்துக்கொள்வாள். எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகள் பற்றி 1909இல் வெளியிட்ட தொகுப்பிலேயே இது பதிவாகியிருக்கிறது. ஊர்க்கோயில் கணக்கிலும் கல்யாணமானவன் தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பம். நல்லது கெட்டது என்றால் வளவில் அத்தனை பேரும் கூடுவார்கள். மறுநாள் அவரவர் அடுப்பு அவரவருக்கு. கூட்டுக்குடும்பத்துக்குச் சாட்சியாகப் பேச்சாளர்கள் கொண்டுவரும் வீடே தனிக்குடித்தனத்துக்குச் சாட்சி சொல்கிறது! புதிதாக வந்த பெண்ணின் கையில் சொந்தச் சமையலையும் சொந்தக் கணக்கையும் கொடுத்தால்தான் உறவு நிலைக்கும் என்று அந்த வணிகர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் அங்கே பாசம் போய்விட்டதாக யாராவது சொன்னார்களா?

அடுத்தது முதியோர் இல்லம். ஆதரவற்ற முதியவர்களுக்குத் தமிழக அரசு 1962லேயே ஓய்வூதியம் தொடங்கியது. எல்லாக் கிழவர்களையும் மகன்கள் மடியில் வைத்துத் தாங்கிய பொற்காலத்தில் அந்தப் பணம் யாருக்குப் போயிற்று? 2017-18இல் நாடு முழுவதும் நடந்த முதுமை ஆய்வில், அறுபது தாண்டியவர்களில் தனியாக இருப்பவர்கள் நூற்றுக்கு ஆறு பேர் அளவுதான். பெரும்பாலோர் பிள்ளைகளோடுதான் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் தனியாக இருப்பவர்கள் கூடுதல், உண்மை. ஒன்றிரண்டு பிள்ளை பெற்று, அவர்களைப் படிக்க வைத்து வெளியூர் வேலைக்கு அனுப்பிய மாநிலம் இது.

தனியாக இருப்பது கைவிடப்படுவது ஆகாது. எங்கள் தெருவில் ஒரு அம்மா தன் வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். மகன் வீடு அடுத்த தெரு. வேலைக்குப் போகும் வழியில் அவன் உள்ளே வந்து தண்ணீர் கேனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மாத்திரை டப்பாவைத் திறந்து நேற்றையது தீர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறான். திரும்பும்போது பேத்திக்கென்று தூக்குவாளியில் வத்தக்குழம்பு போகிறது. மேடைக் கணக்கில் இவர் கைவிடப்பட்ட தாய்.

கூட்டுக்குடும்பத்தில் பத்துப் பேருக்கு மாவாட்டியது யார் என்பதை மட்டும் எந்தப் பேச்சாளரும் சொல்வதில்லை. 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் சம்பளமில்லாத வீட்டுவேலை செய்த பெண்கள் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் செலவிட்டார்கள், அதைச் செய்த ஆண்கள் 97. விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்' படம் 1986இல் வந்தது. அதன் முடிவில் மூத்த மருமகள்தான் தனியாகப் போவோம், தள்ளியிருந்து பாசமாக இருப்போம் என்கிறாள். படம் ஓடு ஓடு என்று ஓடியது. தமிழ்நாட்டுக் குடும்பங்கள் அவளைப் புரிந்துகொண்டுதான் பார்த்தன.

தனியாக இருக்கும் முதியவருக்கு வேண்டியது படி ஏறத் தேவையில்லாத வீடு, நடந்துபோகும் தூரத்தில் மருத்துவர், மாதா மாதம் கையில் காசு. இந்திரா காந்தி முதியோர் ஓய்வூதியத்தில் 60 முதல் 79 வயது வரை உள்ளவருக்கு மத்திய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அதே 200 ரூபாய். அதை உயர்த்தச் சொல்லி எந்தப் பட்டிமன்றத்திலும் ஒருவர் தொண்டை வற்றப் பேசி நான் கேட்டதில்லை.