கரையில் நிற்பவரின் பங்கு



உங்கள் கணவர் விளையாட்டைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். ஆயினும் 40 வயதைக் கடந்தபின் அயல்நாடு சென்று ட்ரையத்லான் பந்தயத்தில் கலந்துகொள்ள விழைகிறார். உங்களையும் உடன் அழைக்கிறார் எனக் கொள்வோம். “நான் வந்து அங்கே என்ன செய்யப் போகிறேன்?” என்றே முதலில் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக இடைவிடாது முடிப்பதே ட்ரையத்லான். அதன் நெடும்பிரிவான அயர்ன்மேன் போட்டி, மலேசியாவின் லங்காவித் தீவில் முதன்முதலாக 2000-ஆம் ஆண்டில் நடைபெற்றது. கடலில் 3.8 கி.மீ. நீந்தி, 180 கி.மீ. சைக்கிள் மிதித்து, அதன்பின் 42.2 கி.மீ. ஓட வேண்டும். இத்தகைய போட்டிக்குப் பொதுவாக அளிக்கப்படும் அவகாசம் 17 மணி நேரம். காலையில் நீரில் இறங்கியவர் நள்ளிரவை ஒட்டி எல்லைக்கோட்டைத் தொடுவதும் உண்டு.

இப்போட்டியைத் தொடங்கியவர்களே ஒரு தம்பதியர்தாம்! அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும் 1978 பிப்ரவரி 18-இல் ஹவாயின் ஓஆஹு தீவில் இதனை நடத்தினர். 15 பேர் புறப்பட்டனர். 12 பேர் முடித்தனர். தண்ணீரும் உணவும் கொடுப்பதற்கான துணையாள்களை ஒவ்வொருவரும் தாமே அழைத்துவர வேண்டியிருந்தது.

இன்றோ நிலைமை தலைகீழ். வழிநெடுகத் தண்ணீரும் பழமும் வைப்பவர்கள் ஏற்பாட்டாளர்களே. வெளியாரின் உதவியைப் பெறுவது விதிமீறல். வாடிய முகத்துடன் கணவர் உங்களைக் கடந்து ஓடுவார்; கையில் தண்ணீர் இருந்தும் நீங்கள் நீட்டக் கூடாது. இது எளிதான காரியமா?

அப்படியாயின் உங்கள் பங்கு யாது? பார்த்துக்கொண்டிருப்பதே! வெப்பமும் புழுக்கமும் மிகுந்த தீவில் வியர்வையோடு உப்பும் வெளியேறும். தாகத்துக்கு மேல் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம் உண்டாகலாம். வெப்பத் தாக்கும் அறிவைத் தடுமாறச் செய்யும். இரண்டுமே உயிருக்கு ஆபத்தானவை. அறிவு குழம்பியவர் தாம் குழம்பியிருப்பதை அறிய மாட்டார். அவருடைய நடையையும் பேச்சையும் நன்கறிந்த நீங்களோ ஒரு பார்வையில் அறிவீர்கள்.

ஓட்டப்பாதை பெரும்பாலும் சுற்றுகளாக அமைந்திருக்கும். ஒரே இடத்தில் நின்று பலமுறை அவரைக் காணலாம். நிழலான இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள், வேளைக்கு உண்ணுங்கள். அவர் கடக்கும்போது, “நம் அறை எண் என்ன?” என்பது போன்ற சிறு கேள்வியைக் கேளுங்கள். விடை பொருந்தவில்லையா, கால்கள் தள்ளாடுகின்றனவா, தாமதியாமல் மருத்துவக் குழுவினரை அழையுங்கள். அவர் சினம் கொள்ளலாம், கொள்ளட்டும். பதக்கத்தை அடுத்த ஆண்டிலும் பெறலாம்.

எனவே விமானச் சீட்டு எடுக்குமுன் இரண்டைக் கேட்டுப் பெறுங்கள். ஒன்று, இதயத்தைப் பரிசோதித்த மருத்துவரின் ஒப்புதல். மற்றொன்று, “நீ போதும் என்றால் நான் நின்றுவிடுவேன்” என்னும் வாக்குறுதி. பல மாதங்களாக அவர் பயிற்சிக்குச் செல்ல, விடுமுறை நாள்களில் வீட்டையும் பிள்ளைகளையும் தனியே கவனித்துக்கொண்டவர் நீங்கள். அவ்வாக்குறுதியைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அதைத் தர இயலாதவர், இவ்வாண்டு வீட்டிலேயே இருக்கட்டும்!