கோபேயின் பழைய வீடுகள்

1995 ஜனவரி 17 அதிகாலை 5.46 மணிக்கு ஜப்பானின் துறைமுக நகரமான கோபே நிலநடுக்கத்தில் குலுங்கியது. 6,400-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பக்கவாட்டில் சாய்ந்து கிடந்த ஹான்ஷின் விரைவுச்சாலைதான் உலகப் பத்திரிகைகளில் வந்தது. ஆனால், பெரும்பாலானோர் இறந்தது சாலையிலோ தீயிலோ அல்ல. கனத்த ஓட்டுக்கூரையோடு சரிந்த பழைய மரவீடுகளுக்கு அடியில், படுக்கையிலேயே. 1981-இல் திருத்தப்பட்ட கட்டட விதிகளின்படி எழுந்தவை பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. ஆகவே, பழியை இயற்கையின் தலையில் மட்டும் போடுவது ஆள்வோருக்கு வசதியான பேச்சு.

பழைய வீடுகளைப் பலப்படுத்துவது கட்டுப்படியாகாது என்பார்கள். ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் முதியவருக்கும் வாடகைக்குக் குடியிருப்பவருக்கும் அது உண்மைதான். அதனாலேயே அந்தச் செலவில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும். அரசிடம் பணமில்லை என்று சொல்லிவிட முடியாது. அதே நிலநடுக்கத்தில், கோபே துறைமுகத்தில் கடலைத் தூர்த்து உருவாக்கிய போர்ட் தீவில் மண் குழம்பாகிப் பொங்கியது. கப்பல்துறைச் சுவர்கள் கடல் பக்கம் நகர, ராட்சதக் கிரேன்கள் கால் அகன்று நின்றன. அந்தத் துறைமுகத்தை இரண்டே ஆண்டுகளில் சீரமைக்கப் பணம் கிடைத்தது. தனியார் வீட்டுக்குப் பொதுப்பணமா என்று கேட்பவர்கள், இடிந்த வீடுகள் தெருவை அடைத்துத் தீயணைப்பு வண்டிகளை மறித்ததை எண்ணிப் பார்க்கட்டும். 2024 புத்தாண்டு நாளில் ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்தைத் தாக்கிய நிலநடுக்கத்தில் உயிர்களைப் பலிகொண்டவற்றிலும் பழைய மரவீடுகளே முன்னால் நின்றன.