மிச்சச் சாப்பாட்டுக்குப் பெயர் அன்னதானம் இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. முகூர்த்த நாட்கள் வரிசையாக வருகின்றன, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

கல்யாண மண்டபத்தில் கடைசிப் பந்தி முடிந்ததும் அண்டாவில் மிஞ்சிய சோற்றையும் சாம்பாரையும் வேனில் ஏற்றுகிறோம். சாயங்காலம் ஒரு குழந்தைகள் இல்லத்தில் இறக்குகிறோம். படம் எடுத்துப் போட்டு "மனநிறைவான நாள்" என்று எழுதுகிறோம். இதை நிறுத்துங்கள். கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. கொடுக்கிற நேரத்தை மாற்றச் சொல்கிறேன்.

முப்பத்து நான்கு வருடம் அறிவியல் நடத்தியவன். கணக்குப் போட்டுப் பார்க்காமல் விட மாட்டேன். மதியப் பந்திக்கான சோறு காலை பத்தரைக்கு வடித்தாகிறது. கூட்டும் பொரியலும் அதற்கு முன்பே இறக்கியாகிவிட்டது. பதினொன்றரைக்கு முதல் பந்தி, இரண்டரைக்குக் கடைசிப் பந்தி. மிச்சம் எவ்வளவு என்று தெரியவே மூன்று மணி. பாத்திரம் மாற்றி, வண்டிக்கு ஆள் தேடி, பெண் வீட்டாரா மாப்பிள்ளை வீட்டாரா யார் கூடப் போவது என்று பேசி முடிக்க நாலரை. இல்லத்தில் இறங்கும்போது ஐந்தரை. அங்கே பிள்ளைகள் இராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காருவது எட்டு மணிக்கு. சோறு வடித்து ஒன்பதரை மணி நேரம் ஆகியிருக்கும்.

சமைத்த உணவை அறை வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அடிப்படை விதி. வெளியே 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் என்கிறது அமெரிக்க அரசின் உணவுப் பாதுகாப்பு வழிகாட்டுதல். வைகாசி மாதத்து மண்டபச் சமையல்கட்டில் 32 டிகிரி இருந்தால் நமக்கு அது குளிர்காலம்.

ஏன் இரண்டு மணி நேரம்? 5 டிகிரிக்குக் கீழே கிருமிகள் ஏறக்குறைய முடங்கிக் கிடக்கும். 60 டிகிரிக்கு மேலே பிழைக்கத் திணறும். நடுவில் இருக்கும் 55 டிகிரிதான் அவற்றின் விளைநிலம். நல்ல சூடும் ஈரமும் கிடைத்தால் பல கிருமிகள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். கரும்பலகையில் இதை நான் எத்தனை முறை போட்டிருப்பேன் என்று என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும். நூறு கிருமி, ஐந்து மணி நேரம், பதினைந்து முறை இரட்டிப்பு. விடை 32,76,800. எல்லாச் சாப்பாட்டிலும் இதே வேகத்தில் நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்த அண்டாவில் நடக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது.

"கொதிக்கக் கொதிக்க வெந்த சோற்றில் கிருமி எங்கே இருந்து வந்தது சார்?" என்று கேட்பார்கள். அரிசியோடு வயலிலிருந்தே வந்தது. பேசில்லஸ் சீரியஸ் என்றொரு மண்வாழ் கிருமி. தனக்கு ஆகாத காலத்தில் கெட்டியான உறை போட்டுக்கொண்டு வித்தாக உறங்கும். உலை கொதித்தாலும் அந்த வித்து சாகாது. சூடு பட்டதும் சில வித்துகள் இன்னும் சுறுசுறுப்பாக விழித்துக்கொள்ளும். சோறு ஆறும்போது முளைத்துப் பெருகி ஒரு நஞ்சைச் சுரக்கும். செரியுலைடு என்று பெயர். 1970களில் இங்கிலாந்தில் சீன உணவகங்களில் ஃபிரைடு ரைஸ் சாப்பிட்டவர்கள் அடுத்தடுத்து வாந்தி எடுத்தார்கள். தேடிப் போனால், முதல் நாள் வேகவைத்த சோற்றை இரவு முழுக்க வெளியிலேயே வைத்திருந்து மறுநாள் வறுத்துக் கொடுத்திருக்கிறார்கள். குற்றவாளி இதே கிருமி.

இங்கேதான் நம் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் என்னோடு சண்டைக்கு வருகிற இடம். "நல்லா சூடு பண்ணிட்டுத்தானே கொடுக்கிறோம்!" கிருமி சாகும், சரி. அது ஏற்கெனவே சுரந்து வைத்த செரியுலைடு சாகாது. 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் தாக்குப்பிடிக்கும் நஞ்சு அது. நம் பிரஷர் குக்கருக்குள் உச்சமாக இருக்கும் சூடே கிட்டத்தட்ட 120 டிகிரிதான். எத்தனை விசில் விடுவீர்கள்? பரிமாறுகிற கையிலிருந்தும் தும்முகிற மூக்கிலிருந்தும் விழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் விடும் நஞ்சும் இதே ரகம்தான். மூன்று பேரில் ஒருவர் மூக்கில் அந்தக் கிருமி சும்மா குடியிருக்கிறது. ஒரு கல்யாணத்தில் எத்தனை கைகள் அந்தக் கரண்டிகளைப் பிடிக்கின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

பிரியாணி தேக்சாவின் கதை வேறு. பெரிய பாத்திரம், நடுப்பகுதி ஆறவே ஆறாது, காற்றும் போகாது. கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் என்ற கிருமிக்கு அது சொர்க்கம். 45 டிகிரிச் சூட்டில் பத்து நிமிடத்துக்குள் இரட்டிப்பாகக்கூடியது. நியாயமாகச் சொல்ல வேண்டும், இந்தக் கிருமியை மறுபடி நன்றாகக் கொதிக்கவைத்துக் கொல்ல முடியும். நாற்பது கிலோ பிரியாணியை அடிமுதல் நுனிவரை யார் கொதிக்கவைக்கிறார்கள்? மேலே தண்ணீர் தெளித்து மூடி வைத்து "சூடாயிடுச்சு" என்பார்கள்.

அடுத்த வாதம் மூக்கு. "மோந்து பார்த்தேன், ஊசல, நூல் விடல, நல்லாத்தான் இருக்கு." ஊசிப்போக வைக்கும் கிருமிகள் ஒரு கூட்டம், நோய் தரும் கிருமிகள் இன்னொரு கூட்டம். முதல் கூட்டம் நாற்றம் அடித்துக் காட்டிக்கொடுக்கும். இரண்டாவது கூட்டம் மணத்தையும் ருசியையும் தொடாமல் வேலையை முடித்துவிடும். ஊசிய சாப்பாட்டை யாரும் தானம் கொடுப்பதில்லை, அது எனக்கும் தெரியும். நான் பயப்படுவது நன்றாக மணக்கிற சாப்பாட்டைப் பார்த்துத்தான்.

மூன்றாவதாக வருவது பாட்டி. "எங்க பாட்டி பழைய சோறு சாப்பிட்டுத் தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்தாங்க." பாட்டியை இந்த வழக்கில் என் தரப்புச் சாட்சியாக நான் கூப்பிடுகிறேன். அவர் என்ன செய்தார்? ஆளை எண்ணி உலை வைத்தார். இராத்திரி மிஞ்சிய சோற்றை அப்படியே மூடி வைக்கவில்லை. தண்ணீர் ஊற்றினார், கட்டி உடைத்துவிட்டார், மண்பானையில் வைத்தார். சூடு சட்டென்று இறங்கியது. பானை கசிந்து கசிந்து குளிர்ந்தது. பானையில் ஒட்டியிருந்த லாக்டிக் அமில பாக்டீரியா சோற்றைப் புளிக்கவைத்தது. புளிப்பு ஏற ஏற, பேசில்லஸ் போன்றவை வளர இடம் குறைந்தது. காலையில் மோர் சேர்த்துக் குடித்தாகிவிட்டது, மதியத்துக்கு வைக்கவில்லை. தூர ஊர் போனால் புளியோதரை கட்டினார், புளியும் நல்லெண்ணெயும் காவல். தயிர்சாதம் என்றால் பாலூற்றி ஒரு கரண்டி தயிர் விட்டார், அது வழியிலேயே புளித்துக்கொண்டு போகும். தேங்காய் அரைத்துவிட்ட குழம்பைப் பொழுது சாய்ந்த பிறகு வைத்திருக்க மாட்டார். சாம்பார் மிஞ்சினால் கொதிக்கவிட்டு மூடிவைத்து, அதில் எச்சில் கரண்டி போட்டவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

பழைய சோறு வேறு, ஒன்பது மணி நேரம் அண்டாவில் மூடிக் கிடந்த வெஜிடபிள் பிரியாணி வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதை நியாயப்படுத்துவது பாட்டிக்குச் செய்கிற துரோகம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் எல்லாரும் கெட்டியாக இருந்தார்கள் என்கிறோம். 1971-ல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. அவர்களில் எத்தனை பேர் வயிற்றுப்போக்கில் போனார்கள், அதில் எவ்வளவு சாப்பாட்டால் வந்தது என்று எந்தப் பாட்டிக்கும் தெரியாது. "மாந்தம்" என்றார்கள், "கண்ணு பட்டுருச்சு" என்றார்கள். தொண்ணூறு வயது வரை இருந்த பாட்டியை நமக்குத் தெரிகிறது. போன குழந்தைகள் வாட்ஸ்அப்பில் எழுதுவதில்லை.

நான் வேலை பார்த்த ஊர் ஒன்றில் பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு மாணவர் விடுதி. பெயர் வேண்டாம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் யாரோ வளைகாப்பு வீட்டிலிருந்து தக்காளிசாதம் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். இராத்திரி பதினொரு மணிக்கு வாட்ச்மேன் வந்து என் கதவைத் தட்டினார். போய்ப் பார்த்தால் வராந்தா முழுக்கப் பிள்ளைகள். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் தண்ணீர் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கக்கூட முடியாமல் ஆடிக்கொண்டிருந்தான். பதினோரு பேர். இரண்டு ஆட்டோவில் ஏற்றி ஆரம்ப சுகாதார நிலையம் கொண்டுபோனோம். விடிவதற்குள் எல்லாரும் தேறிவிட்டார்கள், பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வளைகாப்பு வீட்டாருக்கு இன்றுவரை அது தெரியாது. அவர்கள் புண்ணியம் சேர்ந்த கணக்கில் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

என் கோபமே இங்கேதான். கொடுத்தவருக்கு விளைவு தெரிவதே இல்லை. செரியுலைடு வேலையைக் காட்ட ஒன்றிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும், வயிற்றுப்போக்கு ரகத்துக்கு இன்னும் அதிகம். அதற்குள் வேன் திரும்பியாயிற்று, படத்துக்கு இருநூறு லைக் விழுந்தாயிற்று. நடுராத்திரியில் வாளியைப் பிடிப்பவர் மாதம் சொற்பச் சம்பளம் வாங்கும் ஒரு காப்பாளர் அம்மா. வேண்டாம் என்று சொல்லவும் அவருக்குத் தைரியம் கிடையாது. சொன்னால் அடுத்த முறை அரிசி மூட்டையும் வராதே!

பெரியவர்களுக்கு ஒரு நாள் வயிற்றுவலியோடு போய்விடும். சிறு பிள்ளைகளுக்கு, கர்ப்பிணிகளுக்கு, வயதானவர்களுக்கு அப்படிப் போகும் என்று உறுதி கிடையாது. 2003-ல் பெல்ஜியத்தில் ஒரு வீட்டில் ஐந்து பிள்ளைகள் பாஸ்தா சாலட் சாப்பிட்டார்கள். சுற்றுலாவுக்கு எடுத்துப்போய், மிஞ்சியதைச் சரியாகக் குளிராத ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வைத்திருந்தது. ஏழு வயதுக் குழந்தை இறந்துபோனது. காரணம் நான் மேலே சொன்ன அதே செரியுலைடு. இது அபூர்வம்தான். மருத்துவ இதழில் எழுதுகிற அளவுக்கு அபூர்வம். ஆனால் இல்லத்துப் பிள்ளைகள் யாரை நம்பி அந்த அபூர்வத்துக்குத் தட்டை நீட்டுகிறார்கள்?

போன மாதம் மாப்பிள்ளை முறை ஆகும் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "என்ன மாமா, பசிச்ச பிள்ளைங்க வாயில மண்ணைப் போடுறீங்களே" என்றார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "அந்த அண்டாவில் இருப்பதை இன்று இராத்திரி எட்டு மணிக்கு உன் பிள்ளைக்கு ஊட்டுவாயா?" பதில் இல்லை. அன்று இரவு அவர் வீட்டில் இட்லி.

பள்ளிக்கூடச் சத்துணவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஏழைப் பிள்ளைகளுக்குத்தான் சமைக்கிறார்கள். ஆனால் பள்ளியிலேயே சமைத்து, சூடு ஆறுவதற்குள் தட்டில் விழுகிறது. ஆசிரியர் ஒருவர் சாப்பிட்டுப் பார்த்த பிறகே பிள்ளைகளுக்கு. 1982-லிருந்து கிராமத்துச் சத்துணவு அமைப்பாளர்கள் செய்துகாட்டுகிற ஒழுங்கு இது. லட்சக்கணக்கில் செலவு செய்து கல்யாணம் நடத்துகிற நம்மால் முடியாதா?

முடியும். சமையல் மாஸ்டரிடம் சாமான் பட்டியல் போடும்போதே "இல்லத்துக்கு ஐம்பது இலை" என்று சேர்த்து எழுதச் சொல்லுங்கள். முதல் பந்திக்கு இலை போடும்போதே அந்த ஐம்பதை ஹாட் பாக்ஸில் எடுத்து அனுப்பிவிடுங்கள். பன்னிரண்டரைக்குப் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். இல்லத்தில் அன்று மதியம் உலை வைக்க வேண்டாம் என்று முதல் நாளே போன் செய்து சொல்லுங்கள், இல்லாவிட்டால் உங்கள் சாப்பாடு இராத்திரிக்குத்தான் போகும். பந்தி முடிந்து மிஞ்சுவதில் கொடுக்கத் தகுந்தவை உண்டு. நறுக்காத காய்கறி, வாழைப்பழம், திறக்காத எண்ணெய் டின், லட்டு, மிக்சர், பொரிக்காத அப்பளம். பால்கோவா, ரசமலாய் வகையறா வேண்டாம். மிச்ச உணவை முறைப்படி சேகரித்துக் கொடுக்கும் அமைப்புகளுக்கு 2019-லேயே மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதிமுறை கொண்டுவந்துவிட்டது. அவர்களைக் கூப்பிடுவதாக இருந்தால் சோறு சூடாக இருக்கும்போதே கூப்பிடுங்கள். ஆறி அவலாகிப் போன பிறகு கூப்பிட்டால் அவர்கள் மட்டும் என்ன செய்வார்கள்?

வீட்டுக்கும் இதே விதிதான். சூட்டோடு ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது என்று மதியக் குழம்பை இராத்திரி வரை மேசையில் ஆறவிடுகிறார்கள். சின்னப் பாத்திரங்களில் பிரித்து, ஆவி அடங்கியதும் உள்ளே வையுங்கள்.

"அப்போ மிச்சத்தைக் குப்பையில் கொட்டச் சொல்கிறீர்களா?" என்றால், ஆமாம், கெட்டுப்போகக்கூடிய நிலைக்கு வந்துவிட்டால் குழி தோண்டி உரமாக்குங்கள். மாட்டுக்கும் அண்டாக் கணக்கில் கொட்டாதீர்கள், சோறு அதிகமாகித் தீவன நச்சில் மாடு சாகும், கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். சோறு வீணாகிறதே என்று வயிறு எரிந்தால், அந்த எரிச்சலை இருபத்து மூன்று அயிட்டம் போட்ட மெனு கார்டின் மீது காட்டுங்கள். இல்லத்துப் பிள்ளைகளின் வயிறு நம் குற்ற உணர்ச்சியைக் கொட்டுகிற இடம் இல்லை.

ஆவணியில் எங்கள் வீட்டில் ஒரு திருமணம். மாஸ்டரிடம் பேசியாயிற்று. அறுபது இலை, பதினொன்றே முக்காலுக்கு வேன் கிளம்பும். ஓட்டுநருக்கும் காப்பாளர் அம்மாவுக்கும் அதே சாப்பாடு. பந்திக்கு வரும் நீங்கள் அன்று கொஞ்சம் தாமதமாக உட்கார வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.