பூச்சிக்குப் பெட்டியா, பெட்டிக்குப் பூச்சியா?

நண்பர்களே, மீன்பிடிப்பில் விருப்பம் இல்லாதவர்கள் இன்று இந்தக் கிழவனை மன்னித்துத் தாண்டிப் போய்விடுங்கள். எனக்குக் கோபம். எழுதினால்தான் ஆறும்.

நேற்று ஒரு பழைய மாணவன் வந்திருந்தான். இமாச்சலில் வேலை. அங்கே தீர்த்தன் ஆற்றில் ட்ரவுட் பிடிக்கிறான். அவலாஞ்சியில் வில்சன் துரை குஞ்சு பொரிக்க வைத்த ட்ரவுட்டின் கதையை வகுப்பில் சொல்லி அவனைக் கெடுத்தவன் நான்தான். போன வருஷம் 'ஆடம்ஸ்' டிரை ஃப்ளை இருபது கட்டிக் கொடுத்தேன். எல்லாம் 18, 20 நம்பர் கொக்கி. நம்பர் ஏற ஏறக் கொக்கி சிறுக்கும். 20 என்றால் ஒரு அரிசிமணி அளவுதான். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்று கட்டி முடிக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது.

"சார், புதுப் பெட்டி" என்று பெருமையாக நீட்டினான். சட்டைப் பையில் அடங்குகிற தடிமன். இரண்டு பக்கமும் ஃபோம், அதில் வரிவரியாகக் கீறல். நூற்றுக்கு மேல் குத்தி வைக்கலாமாம். திறந்தேன். இருபதும் சப்பையாகக் கிடந்தன.

டிரை ஃப்ளை எதனால் மிதக்கிறது? கொக்கியைச் சுற்றி விறைப்பாக நிற்கும் சேவல் கழுத்திறகின் நார்களால். தண்ணீரின் மேல்தோலில் அவை கால் ஊன்றி நிற்கின்றன. அவை மடங்கினால் பூச்சி சாய்ந்து மூழ்கும். மூழ்கி மிதக்கும் புழு மாதிரிகளுக்கு ஃபோம் கீறல் நல்லதுதான், நான் மறுக்கவில்லை. சின்ன டிரை ஃப்ளைக்கு அது செக்கு. விற்பவன் எத்தனை கொள்ளும் என்று சொல்கிறானே தவிர, மூடியை மூடினால் உள்ளே எவ்வளவு உயரம் மிஞ்சும் என்று சொல்வதில்லை. வாங்குகிற நாமும் கேட்பதில்லை!

காந்தப் பெட்டி? பூச்சி பக்கவாட்டில் படுத்துக்கொள்ளும், வால் வளையும். கொக்கிகளும் காந்தமேறி ஒன்றோடொன்று ஒட்டும்.

அறை அறையாகப் பிரித்த பெட்டிதான் சரி. நம் அஞ்சறைப் பெட்டி மாதிரி. "காற்றடித்தால் எல்லாம் பறந்துவிடும் சார்" என்றான். நியாயமான பேச்சு. எனக்கே ஒருமுறை பறந்திருக்கிறது. அதனால்தான் அறைக்கு ஒரு மூடி வேண்டும். இங்கிலாந்தில் வீட்லி அலுமினியப் பெட்டியில் ஒவ்வொரு அறைக்கும் ஸ்பிரிங் மூடி வைத்தார்கள். அவ்வளவு காசு எதற்கு? மருந்துக் கடையில் ஏழு நாள் மாத்திரை டப்பா கிடைக்கிறது. கிழமைக்கு ஒரு மூடி. அறைக்கு நாலைந்துக்கு மேல் போடாதீர்கள். உள்ளே அரை அங்குல உயரம் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. நனைந்த பூச்சியை உள்ளே போட்டு மூடாதீர்கள். ஒரு கொக்கியின் துரு பக்கத்துக் கொக்கிக்கும் பரவும். ஊட்டி மழைக்காலத்தில் இப்படி ஒரு டப்பா முழுக்கப் பறிகொடுத்தேன். அந்துருண்டையும் வேண்டாம், சில பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

பேசிக்கொண்டே டீக்கு வைத்த கெட்டில் ஆவியில் ஒவ்வொன்றாக இடுக்கியால் பிடித்துக் காட்டினேன். நார்கள் மெல்ல நிமிர்ந்தன. பதினேழு தேறின. மூன்று தேறவில்லை. என் மாத்திரை டப்பாவைக் காலி செய்து அதில் போட்டுக் கொடுத்தனுப்பினேன். பிரஷர் மாத்திரை இப்போது ஒரு டம்ளரில் கிடக்கிறது. வீட்டில் திட்டு விழுந்துகொண்டிருக்கிறது.