"யாராவது" என்று எழுதாதீங்க

கொஞ்சம் நீளமான பதிவுதான். இந்த வருஷம் திருவிழா வேலை எடுத்திருக்கிறவங்க கண்டிப்பா படிங்க.

போன வருஷம் எங்க தோட்டத்துக் கோயில் திருவிழாவுல அன்னதானச் சமையல் நடுவுல கேஸ் தீர்ந்து போச்சு. முதல் நாள் ராத்திரியே புலனக் குழுவுல நான்தான் போட்டேன்: "நாளைக்கு இன்னும் ரெண்டு கேஸ் தோங் வேணும், யாராவது எடுத்துட்டு வாங்க." 14 கட்டைவிரல் விழுந்துச்சு. ரெண்டு பேர் கைகூப்பினாங்க. காலையில ஒரு தோங்கும் வரலை. சாம்பார் பாதி வெந்து நிக்குது, பால்குடம் கோயிலை நெருங்கிடுச்சு. கடைசியில லயத்துல இருக்கிற ஒரு அக்கா தன் வீட்டு அடுப்புல இருந்த தோங்கைக் கழட்டிக் கொடுத்துதான் அன்னிக்குச் சோறு.

கட்டைவிரல் போட்டவங்க மேல எனக்குக் கோபம் இல்லை. "பார்த்துட்டேன்"ங்கிற அர்த்தத்துல அவங்க போட்டாங்க, "நான் கொண்டு வர்றேன்"னு நான் எடுத்துக்கிட்டேன். தப்பு என்னோடதுதான்.

அப்பா பால்மரம் வெட்டின காலத்துல, விடியறதுக்கு முன்னாடி பெரட்டு நடக்கும். பேர் கூப்பிடுவாங்க, ஆள் குரல் கொடுக்கணும், செக்ரோல்ல பதிவாகும். இன்னாருக்கு இந்த நிரைன்னு அங்கேயே முடிவாகிடும். பெரட்டுல வாங்கின ஏச்சுப் பேச்சு எல்லாம் நல்ல காலம்னு நான் சொல்ல வரலை. ஆனா ஒரு வேலைக்கு ஒரு பேர், அந்தப் பேருக்கு ஒரு பதில். நம்ம புலனக் குழுவுல இல்லாதது அதுதான்.

இன்னிக்கு நம்ம சேவையாளர்கள்ல பாதிப் பேர் தோட்டத்துல இல்லை. சிரம்பான்ல, நீலாய்ல, செனவாங் ஃபேக்டரி ஷிஃப்ட்ல, சிங்கப்பூர்ல இருக்காங்க. தோட்டத்தை விட்டுப் போன குடும்பங்களைக் கோயிலோட கட்டி வச்சிருக்கிறதே இந்தக் குழுதான். அதனால குழுவை மூடணும்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். 2022-லேயே ஒரு குழுவுல 1024 பேர் வரைக்கும் சேரலாம்னு ஆயிடுச்சு. ஆனா ஆள் கூடக் கூட, "வேற யாரோ செய்வாங்க"ங்கிற நினைப்பும் கூடுது.

இந்த வருஷம் நான் கேட்டுக்கிறது இதுதான். வேலைன்னா பேர் போடுங்க, நேரம் போடுங்க: "தம்பி, சனிக்கிழமை காலை 6 மணிக்கு ரெண்டு தோங், முடியுமா?" அந்த ஆள் எழுத்துல "சரிண்ணே"ன்னு சொல்ற வரைக்கும் அது யாரும் எடுக்காத வேலைதான். வேலைப் பட்டியலைக் குழுவுக்கு மேல பின் பண்ணி வைங்க. பின் 30 நாள் வரைக்கும் நிக்கும், திருவிழாவுக்கு அது போதும். இல்லாட்டி காலை வணக்கப் பூவுக்கும் பிறந்தநாள் கேக்குக்கும் அடியில பட்டியல் புதைஞ்சிடும். பூ அனுப்புறவங்க கோவிச்சுக்காதீங்க, அதுக்குத் தனிக் குழு ஆரம்பிச்சுடலாம்.

பெரியவங்களை மறந்துடாதீங்க. கோலம், மாவிளக்கு, படையல் முறை எல்லாம் தெரிஞ்ச பாட்டிங்க டைப் பண்ண மாட்டாங்க, ஆனா குரல்பதிவு போட்டா பொறுமையா கேட்பாங்க. போனே இல்லாத தாத்தாவுக்கு யார் நேர்ல போய்ச் சொல்றதுன்னும் பட்டியல்ல ஒரு பேர் இருக்கணும்.

இன்னொண்ணு, ராத்திரி பத்து மணிக்கு மேல வேலை சொல்லாதீங்க. நம்ம ஆளுங்க பல பேருக்கு முதலாளி குழுவே அந்த நேரத்துலதான் தொல்லை கொடுக்குது. எங்க சொந்தத்துல ஒரு தம்பி செம்பனைத் தோட்டத்துல வேலை செய்றான். மறுநாள் ஃபீல்டு மாத்தினது ராத்திரி குழுவுல வந்திருக்கு. தூங்கிட்டான், பார்க்கலை. காலையில பழைய ஃபீல்டுக்குப் போய் நின்னு அரை நாள் போச்சு. 2023 ஜனவரி 1-லேருந்து சட்டப்படி வார வேலை நேரம் 48-லிருந்து 45 மணியா குறைஞ்சிருக்கு. ராத்திரி போனைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கிற நேரத்தை யார் அந்தக் கணக்குல சேர்க்கிறாங்க? சம்பளம் கொடுக்கிறவங்க செய்றதே தப்புன்னா, சம்பளமே இல்லாம சேவைக்கு வர்றவங்களுக்கு நாமளும் அதையே செய்யலாமா?

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கோயில் மண்டபத்துல கூட்டம். பட்டியலைப் பேர் பேரா வாசிப்பேன். வர முடியாதவங்க சனிக்கிழமைக்குள்ள எனக்குக் குரல்பதிவு அனுப்பிடுங்க. கேஸ் தோங்குக்கு இன்னும் பேர் இல்லை.