கணினி போடும் அரைப் பேர்



இரத்தினபுரி, கேகாலை தோட்டப்புறத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் ஆசிரியர்கள் நாங்கள். பெற்றோர், பழைய மாணவர்கள், சங்கம் நடத்துபவர்கள் எல்லோரிடமும் ஒரு விஷயம் பேச வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

உயர்தரம் முடித்து கணினி படிக்கப் போகும் பிள்ளைகள் பலர் சி மொழியைச் சந்திக்கிறார்கள். அதில் ஒரு சின்னப் பாடம், கோப்பைத் திறந்து வரி வரியாக வாசிப்பது. பயிற்சிக் கோப்பில் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்கள்தான் இருக்கும். புரோகிராம் ஓடும், புள்ளியும் கிடைக்கும். அதே புரோகிராமிடம் நம் மரணாதாரச் சங்கத்தின் தமிழ்ப் பெயர்ப் பட்டியலைக் கொடுத்துப் பாருங்கள்.

சி மொழியில் வரியை வாசிக்கப் பெரும்பாலும் பயன்படுவது எஃப்கெட்ஸ். எவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கிறோம் என்று அதற்குச் சொல்ல வேண்டும். 20 என்று சொன்னால் அதிகபட்சம் 19 பைட் எடுக்கும், மிச்ச ஒன்று முடிவுக் குறிக்கு. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். யூடிஎஃப்-8 முறையில் தமிழ் 'ம'வுக்கு 3 பைட் வேண்டும், உகரம் சேர்ந்து 'மு' ஆனால் 6. 'முஹம்மது' என்ற ஐந்தெழுத்துப் பெயருக்கு 24 பைட். 19இல் வெட்டினால் 'முஹம்ம' வரை வந்து, 'து' உடைந்து போகும். உடைந்த மிச்சம் அடுத்த தடவை தனி வரியாக வரும். ஆள் ஒருவர், பட்டியலில் இருவர். அந்த இரண்டு பேரிலும் அவருடைய முழுப் பெயர் இல்லை.

கொழுந்து நிறை குறைந்தால் செக்ரோலில் அரைப் பேர் விழுவது நமக்குப் பழக்கம். இது கணினி போடும் அரைப் பேர். பிழை என்று அது சத்தமும் போடாது.

இன்னொன்றும் உண்டு. கோப்பு முடிந்துவிட்டதா என்று முதலில் கேட்டுவிட்டு வாசிக்கும் பழக்கம். கடைசிப் பெயரை வாசித்த பிறகும் சி மொழி பொதுவாக 'இன்னும் இல்லை' என்றே சொல்லும். மறுபடி வாசிக்கப் போய் ஒன்றும் கிடைக்காத பிறகுதான் 'முடிந்தது' என்று சொல்லும். அதற்குள் கடைசி ஆளின் சந்தா இரண்டு தடவை கணக்கில் ஏறிவிடும்.

அளவு கேட்கிறதே என்று எஃப்கெட்ஸை நோக வேண்டாம். அளவே கேட்காத கெட்ஸ் என்ற பழைய கட்டளையும் இருந்தது. 1988 நவம்பரில் இணையத்தில் பரவிய மொரிஸ் புழு நுழைந்த வழிகளில் ஒன்று அது. 2011இல் வந்த சி தரநிலையில் அதை நீக்கியே விட்டார்கள்.

'ஒரு பெயரின் வாலுக்காக இவ்வளவு பேச்சா?' என்று சிலர் கேட்கலாம். 1948 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு தோட்ட மக்கள் பத்திரத்துக்காக எத்தனை காலம் அலைந்தார்கள் என்பது தெரியும். 2003இல் வந்த சட்டம் வரை அந்த அலைச்சல் தீரவில்லை. இன்றும் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்று கந்தோர் வாசலில் நிற்பவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அன்று பேனாவால் நடந்த பிழை நாளை நம் பிள்ளைகள் எழுதும் புரோகிராமால் நடக்கக் கூடாது.

'ஆங்கிலத்திலேயே பதிந்தால் போச்சு' என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கருப்பையா என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் நாலு கிளார்க் நாலு விதமாக எழுதுவார்கள். பைதனில் இந்தத் தொல்லை இல்லை என்பதும் ஓரளவு உண்மை. வரியின் நீளத்தை அங்கே மொழியே பார்த்துக்கொள்ளும். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு தடவையாவது தன் கையால் செய்து பார்த்த பிள்ளைதான், வேறிடத்தில் பெயர் அறுபடும்போது காரணத்தைக் கண்டுபிடிக்கும்.

ஆகவே, சி படிப்பிக்கும் எல்லோரும் கோப்பு வாசிக்கும் முதல் பயிற்சியையே தமிழ்ப் பெயர்களில் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. பிள்ளைகள் பழக வேண்டியவை மூன்று. எஃப்கெட்ஸ் ஏதாவது தந்ததா என்று பார்த்தே சுற்றை ஓட்டுவது. வாசித்ததன் கடைசியில் வரி முடியும் குறி இருக்கிறதா என்று பார்ப்பது. அது இல்லாமல், கோப்பும் முடியாமல் இருந்தால் வரி இன்னும் பாக்கி என்று அடுத்த துண்டைச் சேர்ப்பது.

சங்கம், பள்ளிவாசல், கோயில் நிர்வாகத்தினரே, பிள்ளைகள் உங்களுக்குப் பட்டியல் புரோகிராம் செய்து தந்தால் சந்தோஷமாக வாங்குங்கள். ஆனால் பரீட்சித்துப் பார்க்க அடையாள அட்டை இலக்கமுள்ள உண்மைப் பட்டியலைக் கொடுக்காதீர்கள், கற்பனைப் பெயர்கள் போதும். ஊரிலேயே நீளமான பெயர் எப்படியிருக்குமோ அப்படியொன்றை அதில் சேருங்கள். அந்தப் பெயர் முழுசாக வெளியே வந்தால் மட்டும் பாவனைக்கு எடுங்கள்.

பிரயோசனம் என்று தோன்றினால் கணினி படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குப் பகிருங்கள்.